சுபைதா ராத்தா ஏறிய மலை

சோமபால என் ராத்தாவின் முகத்தைப் பார்க்கவில்லை. காலைத்தான் பார்த்தார்.

மலையடிவாரத்தில், காடு வெட்டிப் பயிரிட்ட சோளச் சேனை ஓரத்தில் என் கணவர் ஓட்டிவந்த வான் நின்றது. வெயில் இன்னும் சூடேறவில்லை. என் அக்கா சுபைதா ராத்தா வானின் படியில் உட்கார்ந்து, இடது முழங்காலுக்குக் கீழே மாட்டியிருந்த செயற்கைக் காலின் பட்டியை இறுக்கிக்கொண்டிருந்தார். சோமபால அந்த ஊர்ச் சிங்கள விவசாயி. எங்களை மலைக்குக் கூட்டிப்போக ஒப்புக்கொண்டவர். கையில் ஒரு காட்டுக்கத்தியும், யானை வந்தால் போடுவதற்குச் சட்டைப் பையில் வெடியுமாக வந்து நின்றார்.

"இந்த அம்மா வான்ல இருக்கட்டும்" என்றார் என் கணவரிடம். அவருக்குத் தமிழ் கொஞ்சம் கொஞ்சம் வரும். "மேல முழுக்கக் கல்லு. சரியான சறுக்கல். ரெண்டு நல்ல கால் உள்ள ஆக்களே விழுவாங்க."

என் கணவர் என்னைப் பார்த்தார். நான் ராத்தாவைப் பார்த்தேன். சோமபால அப்படிச் சொன்னது எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது.

ராத்தா பட்டியை மாட்டி முடித்தார். விரல் முட்டியால் அந்தக் காலில் இரண்டு தட்டுத் தட்டினார். வெறும் பானையில் தட்டினாற்போல் சத்தம் வந்தது.

"அவருக்குச் செல்லுங்க தம்பி" என்றார் என் கணவரிடம். "ரெண்டு கால் உள்ள ஆக்கள் முழுசா விழுவாங்க. எனக்கு ஒண்டுதான். நான் பாதிதான் விழுவன்."

என் கணவர் அதைச் சிங்களத்தில் சொன்னார்.  சோமபால சிரித்துவிட்டு, பற்றைப் புதரை வெட்டி ஒரு நல்ல தடி எடுத்து, பட்டையைச் சீவி, ராத்தாவின் கையில் கொடுத்தார்.

அழுகிற கதைகள் போதும்

இந்த வாரம் பத்திரிகையில் இதை எழுதச் சொன்னது ராத்தாதான்.

சென்ற கிழமை நான், சுனாமியில் கடலடித்த பிறகு தற்காலிகக் கொட்டில்களில் இருந்த நாட்களைப் பற்றி எழுதியிருந்தேன். அதை எங்கள் ஊர் மருதமுனையில் யாரோ ராத்தாவுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறார்கள். பின்னேரம் போன் வந்தது.

"எந்த நேரமும் அழுகிற கதையாத்தான் எழுதுறாய். ஊர் ஆக்கள் வந்து என்னைத் துக்கம் விசாரிக்கிறாங்க. மலைக்குப் போனத எழுது."

"அதை ஆர் வாசிப்பாங்க ராத்தா?"

"நான் வாசிக்கச் செல்லிக் கேப்பன்."

ஆகவே எழுதுகிறேன். ஆனால் மலைக்குப் போவதற்கு முன்னால் அந்தக் கால் வந்த கதையைச் சொல்லாமல் முடியாது. ராத்தா பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஜன்னலில் தெரிந்த கல்

கடல் வந்த காலையில் ராத்தா கிணற்றடியில் நின்றார். அவருடைய கணவர் மஜீத் மச்சான் அப்போது சவூதியில் சாரதி வேலை. அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வீட்டில் உம்மா, வாப்பா, ராத்தா மூவர்தான். நான் கல்யாணம் முடித்து வயல் பக்கமாக, கடலுக்குத் தூரத்தில் இருந்தேன்.

தண்ணீர் ஒரு தோணியைத் தூக்கிக்கொண்டு வந்து ராத்தாவைக் கிணற்றுக் கட்டோடு சேர்த்து நெரித்தது. உம்மா முருங்கை மரத்தைப் பிடித்துக்கொண்டு தப்பினார். வாப்பாவைக் கடல் கொண்டுபோய்விட்டது.

யாரென்று தெரியாத இரண்டு பேர் ராத்தாவைக் கதவுப் பலகையில் வைத்து உழவு மெஷினில் ஏற்றிவிட்டார்கள். எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரிகள் நிரம்பி வழிந்தன. அம்பாறைப் பக்கம் கொண்டுபோனார்கள். காயத்தில் சேறும் மணலும் போய்க் கால் கறுத்துவிட்டது. முழங்காலுக்குக் கீழே எடுத்தால்தான் உயிர் மிஞ்சும் என்று வைத்தியர் சொன்னார். கையெழுத்து வைத்தது நான்.

அந்த வார்ட்டில் அடுத்த கட்டிலில் கிடந்தவர்தான் ராணியக்கா. பாண்டிருப்புக்காரர். மீன் வாங்கி, கூடையில் சுமந்து விற்றுக் குடும்பம் பார்த்தவர். கடல் அவருடைய வலது கையை முறித்திருந்தது. அவருடைய ஒரே மகளையும் கொண்டுபோயிருந்தது. யாரோடும் கதைக்காமல், முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடப்பார்.

ராத்தாவின் கட்டிலுக்கு நேரே ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே வயல். வயலுக்கு அப்பால் காடு. காட்டுக்கு மேலே மூன்று பெரிய கல்மலைகள், ஒன்றன் பின் ஒன்றாக, முதுகு காட்டிக்கொண்டு. மழை விட்ட காலைகளில் அந்தக் கற்களின் மேலே சில இடங்கள் கண்ணாடி போல மின்னும்.

"என்னகா அது மின்னுது?" என்று ராத்தா, துப்புரவு செய்ய வந்த பெண்ணிடம் கேட்டார். அங்கே சுனைகள் இருக்கின்றன, கோடையிலும் தண்ணீர் வற்றாது என்று அவள் சொல்லிப் போனாள்.

அப்போதுதான் ராணியக்கா முதன்முதலாக வாய் திறந்தார்.

"அங்க ஏறி நிண்டா எந்தக் கடலும் எட்டாது."

"அப்ப ஏறுவம்" என்றார் ராத்தா.

"உனக்குக் கால் இல்லையே கா."

"ஒனக்கு ரெண்டு இரிக்கே. நீ முன்னுக்குப் போ."

நான் அப்போது கட்டிலின் கால்மாட்டில் நின்று துணி மடித்துக்கொண்டிருந்தேன். ராணியக்காவின் வாய் ஒரு பக்கமாகக் கோணியது. அது சிரிப்பா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அன்றைக்கு அவர் கஞ்சி குடித்தார்.

தறியின் மிதி

செயற்கைக் கால் கிடைக்கப் பல மாதங்கள் ஆகின. முதலில் கொடுத்தது பொருந்தவில்லை. அடுத்ததை மாட்டிக்கொண்டு கொட்டில் வாசலில் இருந்து தண்ணீர்த் தாங்கி வரை போய் வந்தார். உம்மா பின்னாலேயே நடப்பார். "இரி மகள், நான் எடுத்து வாறன். இரி மகள், நான் செய்றன்." உம்மாவின் வாயில் அந்த நாட்களில் வேறு சொல் வரவில்லை.

ராத்தா சின்ன வயதிலிருந்து தறி நெய்தவர். கைத்தறிக்கு இரண்டு கால் வேண்டும். ஒரு மிதியை மாற்றி மறு மிதியை அழுத்தினால்தான் நூல் பிரிந்து நாடாவுக்கு வழிவிடும். இனி இவர் நெய்ய மாட்டார் என்று எல்லோரும் முடிவுகட்டிவிட்டோம். நூல் சுற்றலாம், கணக்குப் பார்க்கலாம் என்று ஆலோசனை சொன்னோம்.

ராத்தா ஒரு நாள் என்னைத் தறிக்கு அருகே கூப்பிட்டு, "ஒரு கறுப்பு ரிப்பன் கட்டி விடு" என்றார். செயற்கைக் காலை மிதியோடு சேர்த்துக் கட்டச் சொன்னார். கட்டினேன். முதல் நாள் நூல் அறுந்தது. இரண்டாம் நாளும் அறுந்தது. காலில் உணர்ச்சி இல்லாததால் எவ்வளவு அழுத்துகிறோம் என்று தெரியவில்லை. பிறகு அவர் காலைப் பார்ப்பதை விட்டுவிட்டு, தறியின் சத்தத்தைக் கேட்டு மிதிக்கத் தொடங்கினார். அடுத்த நோன்புப் பெருநாளைக்கு என் கணவர் உடுத்திய சாறன் அந்தத் தறியில் நெய்ததுதான்.

ஊரில் அந்தக் காலுக்குப் பொய்க்கால் என்று பெயர். ராத்தா அதைக் கள்ளக்கால் என்பார். "நான் பத்து மணி வரைக்கும் தறியில இரிப்பன். கள்ளக்கால் எட்டு மணிக்கே வேலையை விட்டிட்டு ஓடப் பாக்கும்."

சோதனைச் சாவடியில்

மலைக்குப் போகும் பேச்சு அப்படியே கிடந்தது. ஏனென்றால் உள்நாட்டுச் சண்டை திரும்பவும் தொடங்கிவிட்டது. அம்பாறைக்குப் போகும் வழியெல்லாம் சாவடிகள். காட்டுப் பக்கம் விறகுக்குக்கூட ஆட்கள் போகவில்லை. எங்கள் ஊருக்கும் பாண்டிருப்புக்கும் இடையில் நடந்துபோகும் தூரம்தான். சில காலங்களில் அந்தத் தூரத்தைக் கடக்கவும் எங்கள் முஸ்லிம் ஊராரும் அவர்களுடைய தமிழ் ஊராரும் யோசித்தார்கள். ராணியக்கா மட்டும் மீன்கூடையோடு வந்துகொண்டிருந்தார். கை சரியாகாததால் கூடை சிறிதாகியிருந்தது. எங்கள் வீட்டுக்கு என்று ஒரு பொட்டலம் தனியாக வைத்திருப்பார்.

ஒரு தடவை, காலின் பட்டி மாற்றுவதற்காக நானும் ராத்தாவும் பஸ்ஸில் போனோம். சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். ஒரு இளம் சிப்பாய் உலோகம் தேடும் கருவியை ராத்தாவின் காலருகே கொண்டுபோனான். அது கத்தியது. திரும்பவும் வைத்தான். திரும்பவும் கத்தியது. மற்றச் சிப்பாய்கள் கையிலிருந்த துவக்கை நிமிர்த்தினார்கள். 

ராத்தா வீதியோரத்து மண்மூட்டையில் உட்கார்ந்தார். பாவாடை ஓரத்தைக் கொஞ்சம் ஒதுக்கி, பட்டியைக் கழற்றி, காலை எடுத்து அந்தப் பொடியனின் கையில் கொடுத்தார். செருப்போடு சேர்த்து.

அவன் அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நின்றான். என்ன செய்வதென்று தெரியவில்லை. முகம் சிவந்துவிட்டது. பிறகு மெதுவாகக் குனிந்து, பச்சைப் பிள்ளையைத் தாயிடம் கொடுப்பதுபோல் திருப்பிக் கொடுத்தான். பஸ் வெளிக்கிடும்வரை எங்கள் பக்கம் அவன் திரும்பவில்லை.

"பாவம்" என்றார் ராத்தா, பஸ்ஸில் ஏறியதும். "அவன்ட ராத்தாவ நினைச்சிருப்பான்."

தாம்போதி தாண்டி

சண்டை முடிந்தது. சாவடிகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. மறு வருடமோ அதற்கடுத்த வருடமோ, பெரும்போக அறுவடை முடிந்த ஒரு காலம். ராணியக்கா கூடையை இறக்கி வைத்துவிட்டு, "சுபைதா, றோட்டு இப்ப திறந்து கிடக்காம்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். எந்த றோட்டு என்று ராத்தா கேட்கவில்லை.

என் கணவர் வாடகை வான் ஓட்டுபவர். அம்பாறைப் பக்கம் நெல் மூட்டை ஏற்றிப்போகும்போது பழகிய சோமபாலவிடம் பேசி வைத்தார். உம்மாவிடம், காலின் பட்டி மாற்றப் போவதாக ராத்தா சொன்னார்.

விடியற்காலை சுபஹ் தொழுதுவிட்டு வெளிக்கிட்டோம். தாழ்ந்த பாலமான கிட்டங்கித் தாம்போதியில் வான் போகும்போது இரண்டு பக்கமும் தண்ணீர். ராணியக்கா கண்ணை மூடிக்கொண்டார். ராத்தா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். சவளக்கடை தாண்டியதும் வெட்டிய வயல், வைக்கோல் மணம், கொக்குகள். அப்போதுதான் ராணியக்கா கண்ணைத் திறந்தார்.

அந்த மூன்று கல்மலைகளுக்கும் சேர்த்துச் சிங்களத்தில் ஒரு பெயர் உண்டு. எங்கள் பக்கத்தில் மூணுசுனை மலை என்பார்கள். அடிவாரத்தில் சோமபால சொன்னதையும் ராத்தா பதில் சொன்னதையும் முதலிலேயே எழுதிவிட்டேன்.

முதலில் காடு. யானை விட்டை இன்னும் ஆவி பறந்துகொண்டிருந்தது. சோமபால கையைத் தூக்கி எங்களை நிறுத்தி, காது கொடுத்துக் கேட்டு, பிறகு போகச் சொன்னார். காடு முடிந்ததும் கல். யாரோ எந்தக் காலத்திலோ கல்லில் வெட்டிய படிகள், பாதி தேய்ந்து, ஒரு பாதம் வைக்கும் அளவுக்குக் கிடந்தன.

ராத்தா ஏறும் விதத்தை நான் பின்னால் நின்று பார்த்துக்கொண்டு வந்தேன். தடியை ஊன்றுவார். நல்ல காலை மேல்படியில் வைப்பார். உடம்பைத் தூக்குவார். பிறகு கள்ளக்காலை இழுத்து அதன் பக்கத்தில் வைப்பார். ஒரே தாளம். தறியில் இருந்த அதே தாளம். நான் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, விழுந்தால் பிடிக்கத் தயாராக, மூச்சு வாங்கியபடி ஏறினேன்.

"பின்னால நிண்டு என்ட முதுகில ஊதாத" என்றார் ராத்தா, திரும்பாமலே.

முதல் கல்லும் இரண்டாம் சுனையும்

முதற்சுனை சிறியது. கல்லில் யாரோ குடைந்த தொட்டி போல. தண்ணீரில் ஓலு என்கிற அல்லிப் பூக்கள். தவளை ஒன்று எங்களைக் கண்டு பாய்ந்தது. இவ்வளவு உயரத்துக்குத் தவளை எப்படி வந்தது என்று ராணியக்கா நெடுநேரம் யோசித்தார். முதல் கல்லின் உச்சிக்குப் போனதும் கீழே வயல்கள் பாய் விரித்தாற்போல் கிடந்தன. ராணியக்கா விரலை நீட்டினார்.

"அந்தா. சிவத்த ஓடு. நம்மட வார்ட்டு."

இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அங்கே கட்டிலில் கிடந்து இந்த இடத்தைப் பார்த்தவர்கள், இப்போது இந்த இடத்தில் நின்று அந்தக் கட்டிலைப் பார்த்தார்கள். யாரும் அழவில்லை. ராத்தா தலைத்துணியை இழுத்துச் சரிசெய்துவிட்டு, "இஞ்ச இருந்து பாத்தா அது தீப்பெட்டி" என்றார்.

இரண்டாம் சுனை பெரியது. இரண்டு கற்களுக்கு இடையிலான பள்ளத்தில், கரும்பச்சைத் தண்ணீர். கரையில் புல். மீன் குஞ்சுகள் ஓடின. கொண்டுபோன ரொட்டியையும் மாசிச் சம்பலையும் அங்கே பிரித்தோம். சோமபால தன் பங்குக்குச் சோளப் பொத்தி சுட்டுக் கொண்டுவந்திருந்தார். நண்பகல் ளுஹர் நேரம் வந்ததும் என் கணவர் சுனையில் கை கால் கழுவி உளூ எடுத்துத் தொழுதார். நாங்கள் ஒரு கல் மறைவுக்குப் போனோம். அங்கே ராத்தா காலைக் கழற்றினார்.

உள்ளே சுற்றியிருந்த துணி சிவந்து ஊறியிருந்தது. தோல் இரண்டு இடத்தில் வழுவியிருந்தது. ராத்தா அந்தத் துண்டுக் காலை மெல்லத் தண்ணீரில் விட்டார். கண்ணை மூடிக்கொண்டார். மீன் குஞ்சுகள் அதைச் சுற்றி வந்தன.

"காணும் ராத்தா" என்றேன். "இவ்வளவு வந்தது காணும். இனி இறங்குவம்."

"ஒனக்குக் களைப்பா?"

"எனக்கில்ல. ஒங்கட காலப் பாருங்க."

"நான் அதை ஒவ்வொரு நாளும் பாக்கிறன்" என்றார், கண்ணைத் திறக்காமலே. "நீதான் இண்டைக்குப் பாக்கிறாய்."

  ராணியக்கா தன் பையில் இருந்த பழைய பருத்திச் சேலைத் துண்டைக் கிழித்தார். ஒரு கை சரியாக மடங்காதவர். பல்லால் ஒரு முனையைக் கடித்துக்கொண்டு, மறு கையால் சுற்றி, சுருக்கமில்லாமல் ராத்தாவின் காலைக் கட்டினார். கட்டி முடித்துவிட்டு, "ஏறுவமா?" என்றார்.

ராத்தா தொழுதார். தொழுது முடித்துக் காலை மாட்டிக்கொண்டார்.

உச்சியில் ஒரு போன்

மூன்றாவது கல்லுக்குப் படி இல்லை. கல்வெடிப்பு ஒன்றின் வழியாகத்தான் ஏற வேண்டும். சில இடங்களில் ராத்தா தடியை மேலே எறிந்துவிட்டு, இரண்டு கையாலும் தொங்கி ஏறினார். சோமபால கையை நீட்டுவார். ராத்தா அந்தக் கையைப் பிடிக்காமல் பக்கத்துக் கல்லைப் பிடிப்பார். பிறகு சோமபால கையை நீட்டுவதை விட்டுவிட்டு, எங்கே பிடிக்கலாம் என்று விரலால் மட்டும் காட்டத் தொடங்கினார்.

உச்சியில் காற்று தலைத்துணியைப் பிடுங்கியது. ஒரு சின்னஞ்சிறு சுனை, ஒரு குடம் கவிழ்த்த அளவு. கிழக்கே, வயலும் காடும் வெளிச்சமும் கலந்து முடிகிற இடத்தில், ஒரு நீலக் கோடு.

ராணியக்கா அதைக் கண்டுவிட்டார். நான் அவருடைய தோளைப் பிடித்தேன். அவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

"அவ்வளவுதானா அது?" என்றார்.

"அவ்வளவுதான்" என்றார் ராத்தா.

ராணியக்கா மகளின் பெயரை ஒரு தடவை சொன்னார். சத்தமாக இல்லை, வாசலில் நின்று பிள்ளையைக் கூப்பிடுவது போல. பிறகு குந்தியிருந்து சுனைத் தண்ணீரால் முகம் கழுவினார்.

என் கணவர் போனை எடுத்துப் பார்த்து, "சிக்னல் இரிக்கி" என்றார். ராத்தா போனை வாங்கிச் சவூதிக்கு எடுத்தார். அங்கே மஜீத் மச்சான் அப்போதுதான் வண்டி கழுவிக்கொண்டிருந்தாராம். காற்றின் இரைச்சலில் ராத்தா கத்திக் கதைத்தார்.

"நான் எங்க நிக்கிறன் செல்லுங்க பாப்பம்... இல்ல, தறியில இல்ல... வீட்டில இல்ல... கல்முனையில இல்ல..."

மச்சான் என்ன சொன்னார் என்று எங்களுக்குக் கேட்கவில்லை. ராத்தா மலையின் பெயரைச் சொன்னார். போனைக் காதில் வைத்தபடி ராத்தா சிரித்துக்கொண்டே இருந்தார். பிறகு என்னிடம் நீட்டினார். "அழுறார். நீ கதை."

"இதுல மிதி"

இறங்கத் தொடங்கும்போது மேற்கே வானம் கறுத்திருந்தது. சோமபால அவசரப்படுத்தினார். மூன்றாவது கல்லின் வெடிப்பில் இறங்கி முடிப்பதற்குள் மழை பிடித்துவிட்டது.

எங்கள் பக்கத்து மழை எனக்குத் தெரியும். மலையில் பெய்யும் மழை தெரியாது. கல் முழுவதும் தண்ணீர் பாய்ந்தது. காலையில் சாம்பல் நிறமாய் இருந்த பாசி, எண்ணெய் பூசியது போல் ஆகிவிட்டது. இரண்டாம் சுனைக்கு மேலே ஒரு மொட்டைக் கல் சரிவு. ஏறும்போது அதை நான் கவனிக்கவே இல்லை. ராத்தாவின் முதுகையே பார்த்துக்கொண்டு ஏறியிருந்தேன். இப்போது அதன் நடுவில் நின்று கீழே பார்த்தேன். சுனையின் கறுத்த தண்ணீர் தெரிந்தது.

 கல்லோடு ஒட்டி உட்கார்ந்துவிட்டேன். மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் வர முடியவில்லை. என் கணவர் மேலே இருந்து ராணியக்காவைப் பிடித்துக்கொண்டு, "மெதுவா காலை வை" என்று கத்தினார். காலை எங்கே வைப்பது? சோமபால கீழே நின்று சிங்களத்தில் ஏதோ சொன்னார். ஒன்றும் விளங்கவில்லை. ராத்தா விழுந்தால் பிடிப்பதற்கென்று காலையிலிருந்து கையை விரித்துக்கொண்டு திரிந்தவள் நான்.

ராத்தா எனக்குக் கீழே இறங்கிக்கொண்டிருந்தார். அவர் நிமிர்ந்து பார்த்தார். தடியைச் சோமபாலவிடம் விட்டெறிந்தார். கல்லைப் பார்த்துத் திரும்பி, வயிற்றால் ஒட்டிக்கொண்டு, இரண்டு எட்டு மேலே வந்தார். கல்லில் நாலு விரல் அகலத்தில் ஒரு வெடிப்பு இருந்தது. கள்ளக்காலின் பாதத்தைச் சரித்து அந்த வெடிப்புக்குள் திணித்தார். குதிகாலைத் தட்டி இறுக்கினார்.

"பரீதா, கீழ பாக்காத. என்ட பாதத்தப் பாரு. இதுல மிதி."

"ஒங்களுக்கு நோகும் ராத்தா."

"இதுக்கு எங்க நோவு இரிக்கி? மிதி."

நான் மிதிக்கவில்லை.

"கடலுக்கே குடுத்த கால்கா அது. ஒனக்குக் குடுக்க மாட்டனா? மிதி."

மிதித்தேன். அந்த ரப்பர் பாதம் என் பாரத்தைத் தாங்கியது. கொஞ்சமும் அசையவில்லை. ராத்தா என் கணுக்காலை ஒரு கையால் பிடித்துக்கொண்டார். நான் நிலைகொண்டதும் அவர் காலை உருவி, கீழே அடுத்த இடத்தில் திணித்தார். "இதுல." நான் மிதித்தேன். திரும்பவும் உருவினார், திரும்பவும் திணித்தார். மழை அவருடைய முகத்தில் அறைந்துகொண்டிருந்தது. வாய்க்குள் தண்ணீர் போகப் போக, துப்பிவிட்டு, "இதுல" என்றார்.

சரிவு முடிந்து புல்லில் கால் பட்டதும் நான் அப்படியே இருந்துவிட்டேன். ராத்தா இருக்கவில்லை. ராணியக்காவின் கை ஈரக்கல்லைப் பிடிக்காது என்று அவருக்குத் தெரியும். திரும்பி மேலே போனார். அதே வழியில், அதே காலில், ராணியக்காவையும் இறக்கிக் கொண்டுவந்தார். என் கணவர் தானாக இறங்குவதாகத்தான் நின்றார். பாதியில் அவரும், "மதினி, அந்தக் காலை இஞ்சயும் கொஞ்சம் வைங்களன்" என்றார்.

சோமபாலவின் வீட்டில்

அடிவாரத்துக்கு வந்தபோது மழை விட்டிருந்தது. சோமபாலவின் மனைவி பால் கலக்காத பிளேன்டியும் கருப்பட்டியும் தந்தார். நனைந்த எங்களுக்குத் தன் உலர்ந்த துணிகளைக் கொண்டுவந்து கொடுத்தார். சோமபால வாசலில் நின்று மனைவியிடம் நெடுநேரம் ஏதோ சொன்னார். கையால் சரிவைக் காட்டினார், தன் பாதத்தைக் காட்டினார். அந்த அம்மா தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு ராத்தாவின் முன்னால் வந்து உட்கார்ந்து, சிங்களத்தில் ஏதோ கேட்டார்.

"என்ன செல்றா?" என்று கேட்டேன்.

என் கணவர் தமிழில் சொன்னார். "இந்த அம்மா கல்யாணம் முடிச்சு வந்த நாளில இருந்து இந்த மலையடியில இரிக்கிறாவாம். ரெண்டாவது சுனைக்கு மேல போகப் பயத்தில போனதே இல்லையாம். மேல என்ன இரிக்கி எண்டு மதினிட்டக் கேக்கிறா."

ராத்தா கோப்பையைக் கீழே வைத்தார். அந்தப் பெண்ணின் கையைப் பிடித்தார். தமிழில்தான் சொன்னார். சிறிய சுனை, காற்று, நீலக் கோடு, போனில் அழுத மச்சான், எல்லாவற்றையும் சொன்னார். என் கணவர் மொழிபெயர்க்க வாய் திறந்தார். அந்த அம்மா அவரைக் கையால் தடுத்துவிட்டு, ராத்தாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு கேட்டார்.

உம்மா

அந்தக் கால் பிறகு இரண்டு கிழமைக்கு மேலாக ராத்தாவைத் தறியில் ஏறவிடவில்லை. புண் ஆறவேண்டியிருந்தது. கள்ளக்காலின் பாதம் ஓரமெல்லாம் பிய்ந்து, உள்ளிருந்த பஞ்சு தெரிந்தது. பட்டி மாற்றப் போனவர்கள் காலையே பிய்த்துக்கொண்டு வந்ததைப் பார்த்து உம்மா எங்களை வரிசையாக நிறுத்திக் கேட்டார். சொல்லிவிட்டோம். உம்மா ஏசினார். பிறகு அழுதார். பிறகு ராத்தாவுக்கு எண்ணெய் காய்ச்சிக் கொண்டுவந்து, புண்ணைச் சுற்றித் தடவியபடி, ஒவ்வொரு சுனையையும் பற்றித் தனித்தனியாகக் கேட்டார்.

ஊருக்குள் கதை பரவத்தான் செய்தது. பெண்கள் வந்து அந்தப் பாதத்தைப் பார்த்துப் போனார்கள். அடுத்த பயணத்துக்குத் தங்களையும் சேர்க்கச் சொல்லிச் சிலர் காதோடு சொல்லிவிட்டும் போனார்கள்.

ஒரு பின்னேரம் வாப்பாவின் தம்பி, எங்கள் சாச்சா, வந்தார். வாப்பா போன பிறகு குடும்பத்துக்குப் பெரியவர் அவர்தான். உம்மா அவருக்கு முன்னால் குரல் உயர்த்தி நான் கண்டதில்லை. அவர் வந்தால் உம்மா கதவுக்குப் பின்னால் நின்றுதான் கதைப்பார். அன்றைக்கும் கதவுக்குப் பின்னால்தான் நின்றார். ராத்தா உள்ளறையில் காலை நீட்டிக்கொண்டிருந்தார். நான் தேநீர்த் தட்டோடு வாசலில் நின்றேன்.

சாச்சா கதிரையில் உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார்.

"மதினி, பள்ளிவாசல் முன்னால ஆக்கள் கதைக்கிறாங்க. உங்கட மகள் ஒரு மலையில ஏறினாவாம் எண்டு."

உம்மா முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தார். சாச்சாவுக்கு நேரே நின்றார்.

"ஒரு மலை இல்ல" என்றார். "மூணு."